குமுளி ஏற்றத்தில் இறங்கியவர்

என் தம்பி கர்ணன் பிறந்தது கூடலூரில். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லோரும் மாட்டு வண்டியோடு வளர்ந்தவர்கள். அவன் ஒருவன்தான் மோட்டார் பக்கம் போனான். கம்பத்தில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் எண்ணெயும் கரியுமாகக் கிடந்து வேலை கற்றுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன், அவன் மூன்றோடு. ஆனால் ஓர் எஞ்சினை முழுவதும் கழற்றிப் போட்டு, ஒரு திருகாணிகூட மிஞ்சாமல் பூட்டிவிடுவான். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, பட்டறைக்காரரே சொன்னது.

1936இல் தேனி பஜார் ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தார். சிறு வயதிலிருந்தே குமுளிக்கு வண்டி கட்டிப் போய்ச் சரக்கு எடுத்தவர். நல்ல பருத்த உடம்பு. மதுரையிலிருந்து ஒரு புது வண்டியைப் பார்வைக்கு அனுப்பியிருந்தார்கள். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்தது. பின்னால் ஆள் உட்கார ஸ்பிரிங் வைத்த சீட்டு. அதை ஓட்டிக்காட்டக் கர்ணனைக் கூப்பிட்டார்.

“ஏலே கர்ணா, என்னையும் ஒன்னையும் சேத்துக் குமுளிக்கு ஏத்தணும். ஏத்துச்சுன்னா வண்டி எனக்கு, ஓட்டுற வேலை ஒனக்கு. ஏத்தலைன்னா வண்டி மதுரைக்கு, நீ ஒங்கய்யா மாட்டுக்கு” என்றார்.

“ஏத்தும் மொதலாளி. ஒங்களைப்போல இன்னொருத்தர் வந்தாலும் ஏத்தும்.”

“என்னைப்போல இன்னொருத்தனுக்கு எங்கலே போவ?” என்று சிரித்தாராம்.

தேனியில் ஏறியபோதே கர்ணன் அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தான். காலை எங்கே வைப்பது, வளைவில் உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது, வேட்டி சக்கரத்தில் சிக்காமல் எப்படி மடித்துக் கட்டுவது. கூடலூர் வரை ஒரு குறையும் இல்லை. கடைத்தெருவில் நான் பார்த்தேன். முதலாளி மாப்பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கர்ணன் என்னைப் பார்த்தும் தலையை அசைக்கவில்லை. கண் முழுவதும் ரோட்டில் இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எழுத எனக்குத் தெரியவில்லை.

லோயர் கேம்ப் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. கீழ் கியரைப் போட்டான். எஞ்சின் முனகிக்கொண்டு, ஆள் வேகமாக நடக்கிற அளவில் ஏறியது. ஒரு செங்குத்தான வளைவில் சத்தம் இன்னும் கனத்தது. அடுத்த நிமிடம் சத்தம் இளகி, வண்டி சிட்டாகக் கிளம்பியது. எஞ்சின் சூடேறி மலைக்குப் பழகிவிட்டது என்று கர்ணன் நினைத்தான். முதலாளிக்குக் கேட்கட்டும் என்று, “பாத்தீகளா! எப்படிப் போகுதுன்னு பாத்தீகளா!” என்று கத்திக்கொண்டே ஏறினான். குமுளியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் பின் சீட்டு காலியாக இருந்தது.

பதறி இறங்கி வந்தான். அந்த வளைவில் பாலக் கட்டையில் சாய்ந்து முதலாளி உட்கார்ந்திருந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம். வேட்டியெல்லாம் மண்.

“விழுந்துட்டீகளா மொதலாளி?”

“விழுகலைலே. எறங்குனேன்.”

“ஏன் எறங்குனீக?”

“அது மூச்சு வாங்குச்சுல்ல? ரெண்டு எட்டு தள்ளிவிடலாம்னு எறங்கிப் பிடிச்சேன். என்னை இழுத்துப் போட்டுட்டு நீ போய்ட்ட. கத்துனேன், ஒனக்குக் கேக்கலை.”

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் மலையேறும் மாட்டு வண்டியில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மாடு திணறுகிற இடத்தில் பணக்காரர், ஏழை எல்லோரும் குதித்து இறங்கிப் பின்னால் தள்ளுவார்கள். முப்பது வருடம் அந்த மலையில் அப்படி இறங்கிப் பழகிய கால், யோசிக்காமல் இறங்கிவிட்டது.

மறுநாள் கர்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு தேனிக்குப் போனான். முதலாளி காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தார். அவர் வீட்டம்மா ஜெபராணி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வண்டி மேல குத்தமில்லை மொதலாளி. நீங்களா எறங்கிட்டீக.”

“எறங்க வச்சது வண்டிதானலே?”

“இன்னொரு தடவை ஏத்திக்காட்டுறேன். அண்ணனைப் பின்னால உக்கார வச்சே ஏத்துறேன்.”

“ஒங்கண்ணன் எறங்காம இருந்துக்கிருவான். வாராவாரம் நான்ல உக்காரணும்? அந்தச் சத்தத்தைக் கேட்டா என் காலு சும்மா இருக்காதுலே.”

“உக்காந்த எடத்துல உக்காரத் தெரியாத மனுசருக்கு மோட்டார் என்னத்துக்கு?” என்றாள் ஜெபராணி. முதலாளி சிரித்தார். கர்ணன் சிரிக்கவில்லை. அவர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வண்டியை மதுரையில் ஒப்படைக்கக் கர்ணனையே அனுப்பினார். அங்கே, என்ன பழுது என்று கேட்டார்களாம். “ஒரு பழுதும் இல்ல” என்று சாவகாசமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்தான். அய்யாவுக்கு அப்போதே கண் மங்கிவிட்டதால், வந்த வாரமே மாட்டு வண்டியில் ஏறினான். பட்டறையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டான். பிறகு யுத்தம் வந்தது, பெட்ரோல் கிடைக்கவில்லை. மோட்டார் வேலைக்கு அவனை வேறு யாரும் கூப்பிடவில்லை.

கர்ணனையும் முதலாளியையும் தனித்தனியாக விசாரித்துத்தான் இதை எழுதுகிறேன். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. கர்ணன் மட்டும் ஒன்று கூடுதலாகச் சொன்னான்.

“எல்லாஞ் சொல்லிக்குடுத்தேன்ணே. எறங்காதீகன்னு ஒரு வார்த்தை சொல்லலை.”

“அதை யாருடா சொல்லுவாக?” என்றேன்.

விடியக் கருக்கலில் அவனுக்குக் குமுளிக்குப் பாரம் இருந்தது. மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போனான்.