கணுவில் சேர்ந்த கரும்பு

சிதம்பரத்தில் சோபா தைக்கும் தனக்கோடிக்குத் துணியை வெட்டும்போதெல்லாம் எரிச்சல் வரும். பூ பாதியில் அறுபடும், மயிலுக்குக் கழுத்து இருக்காது. “சோபாவையே பாக்காதவன் போட்ட டிசைன்” என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்து முடிப்பார்.

கடலூரில் தறி வைத்துத் திரைச்சீலை நெய்யும் மணிவண்ணன் ஒருநாள் கடைக்கு வந்தபோது அந்த முணுமுணுப்பைக் கேட்டுவிட்டார்.

“அப்ப நீங்களே ஒண்ணு வரைஞ்சி குடுங்கக்கா. நான் நெய்யிறேன். எனக்குத் தறி தெரியும், சோபா தெரியாது.”

தனக்கோடி பிறந்தது கரும்பு விளையும் பெண்ணாடத்தில். கரும்பைத் தவிர வேறொன்றும் கைக்கு வரவில்லை. ஆளுயரக் கரும்பாக, தோகை விரிய வரைந்து கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ராமாமிர்தம் தன் புதுக் கல்யாண மண்டபத்துக்கு நீள நீளமான சோபாக்கள் கேட்டிருந்தார். அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை துணியைப் பார்க்க வருவார். பிடிக்காவிட்டால் சென்னையில் வாங்கிக்கொள்வார். இத்தனை வருடமும் அடுத்தவர் துணியையே தைத்த தனக்கோடிக்கு, அந்த மண்டபத்தில் தன் கரும்பு இருந்தாக வேண்டும்.

மாதிரித் துணி வந்தது. நீள சோபாவின் மேல் விரித்தார்கள். கரும்பெல்லாம் படுத்துக் கிடந்தது.

“என்னாக்கா, தானே புயல் அடிச்சிட்டுதா?” என்றார் மணிவண்ணன்.

தனக்கோடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீள சோபாவுக்குத் துணியைக் குறுக்கே திருப்பிப் போடுவதுதான் வழக்கம். இல்லையென்றால் அகலம் போதாமல் சாய்மானத்தின் நடுவே ஒட்டுத் தையல் விழும். கை தானாகத் திருப்பிப் பழகியதில், வாய் அதைச் சொல்லவே மறந்துவிட்டது. மணிவண்ணனோ தொங்கும் துணிக்கு நெய்கிற பழக்கத்தில் நெய்திருந்தார்.

“படத்தத் திருப்பிடுங்க தம்பி.”

“திருப்பலாம். ஆனா அகலவாட்டுல ஒரு முழத்துக்கு மேல படம் ஓடாது, அதையே மறுபடி போடும். உங்க கரும்பு கட்டையாயிடும்.”

கரும்பைக் குட்டையாக்கத் தனக்கோடிக்கு மனம் வரவில்லை. கடலூருக்கே போய், தறியின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார். படத்தின் அடியில் பாதிக் கணு, உச்சியில் பாதிக் கணு வரைந்தார்.

“ரெண்டு பாதியும் சேந்தா ஒரு கணு. நீங்க எத்தன தடவ போட்டாலும் வளந்துகிட்டே போவும்.”

மணிவண்ணன் படத்தை வாங்கித் தறிமேல் வைத்துப் பார்த்தார். “அந்த எடத்துல ஒரு தோகைய மடிச்சி விடுங்கக்கா. நூல் கொஞ்சம் பிசகினாலும் தெரியாது” என்றார். அதுவும் சரிதான்.

ஆனால் தறி குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கி அடித்ததில் கரும்பு ஒல்லியாகிவிட்டது. “இந்த நோஞ்சான சக்கர மில்லுல எறக்க உடமாட்டாங்க” என்று தனக்கோடியே கேலி செய்துகொண்டு, தண்டைத் தடியாக வரைந்து கொடுத்தார். மறுபடி நெய்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராமாமிர்தம் வந்தபோது மணிவண்ணனும் கடையில் இருந்தார்; ஒரு சோபாவுக்கு அந்தத் துணி போட்டிருந்தது. உட்காரும் இடத்திலிருந்து சாய்மானத்தின் உச்சிவரை கரும்பு ஒரே வளர்ச்சியாக நின்றது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சாய்மானத்தை விரலால் தடவினார்.

“ஒட்டு எங்கம்மா போட்ட?”

“ஒட்டே இல்லீங்க.”

ராமாமிர்தம் மெல்ல உட்கார்ந்தார், சாய்ந்தார், காலை நீட்டினார்.

“மண்டபம் பூரா இதையே போட்டுடு. மெட்ராசுக்கு எவன் போறது, அலைச்சல் ஜாஸ்தி.”

சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர் எழுந்தால்தான் அடிப்பக்கத் தையலை முடிக்க முடியும். தனக்கோடி அவரை எழுப்பாமல் மூன்று டீக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, எதிரே நின்று, அவர் தோளுக்கு மேலே நிற்கிற தோகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.