சிவப்புத் தொப்பி அம்மாவுக்கு ஒரு பொட்டு

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய நியூ லின்னில் பக்கத்து வீட்டுக்காரி சீனத்துப் பெண். வேலிக்கு மேலே கீரையும் வெள்ளரியும் கைமாறிப் பழக்கமானவள். ஒரு நாள் போனில் ஒரு சாமியைக் காட்டினாள். அவர்கள் ஊரில் மலைப்பாறையிலேயே செதுக்கிய அம்மன். மயில் தோகை விரித்த மாதிரி சுற்றிலும் கைகள், ஆயிரமாம். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண். மேலெல்லாம் தங்கப் பூச்சு. யார் எங்கே அழுதாலும் பார்த்துக் கை நீட்டுவாளாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் மாரியம்மனையும் ஆயிரங்கண்ணுடையாள் என்றுதானே கும்பிடுகிறோம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தவள், அடுத்த வாரமே அதைப் பெரிய படமாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

படத்தின் ஓரத்தில், அம்மன் காலடியில், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா சின்னதாக நின்றார். தன் அம்மா என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சாமி படத்தோடு பெரியவர்களைச் சேர்த்து வைப்பது, அவர்கள் போன பிறகுதானே?

பூஜை அலமாரியில் வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அம்மனுக்குச் சந்தனம், குங்குமம். கூடவே அந்த அம்மா நெற்றியிலும் ஒரு பொட்டு. சுமங்கலியாகத்தான் போயிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேலியில் படரும் மல்லிகையைக் களை என்று அவள் வெட்டிப் போடுவாள். அதைப் பொறுக்கிக் கட்டி, படத்துக்கு மாலையும் போட்டேன்.

ஒரு புதன்கிழமை அவள் வேலியோரம் வந்து, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், படத்தைக் காட்ட நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்றாள். உயிரோடு இருக்கிறவருக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருக்கிறேன். தெரிந்தால் இனி முகத்தில் விழிப்பாளா?

என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "மாலையைக் கழட்டு, பொட்டைத் துடை. கண்ணாடிதானே, ஒரு நிமிஷ வேலை."

மாலையைக் கழற்றிவிட்டேன். ஈரத்துணியோடு போனவளுக்குக் கை வரவில்லை. "ஏங்க, ஒரு பொம்பளை நெத்தியில இருக்கற குங்குமத்த நானே அழிக்கறதா? அது இதவிடப் பாவம்."

"அப்ப நீயே பதில் சொல்லிக்கோ. நான் டீ வேணா போட்டுத் தரேன்."

மறுநாள் வந்தார்கள். அதே சிவப்புத் தொப்பி. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அலமாரிக்குப் போய்க் கைகூப்பினார். பிறகு குனிந்து, பொட்டோடு நிற்கும் தன்னைப் பார்த்தார். என்னால் அடக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மாலை போட்டது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகள் அதை மெதுவாக அம்மாவுக்குச் சொன்னாள்.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

அந்தக் காலத்தில் பாறையில் சாமி செதுக்கப் பொருள் கொடுத்தவர்களையும், காலடியில் கைகூப்பினபடி சின்னதாகச் செதுக்கிவிடுவார்களாம். அந்த மலைக்குப் போகும்போதெல்லாம் அவர்களைப் பார்த்து இவருக்குப் பொறாமையாம். அவர் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள்: "நான் ஒன்றுமே கொடுக்கவில்லை. கடல் தாண்டி எனக்கும் காலடியில் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறாளே உன் தோழி."

மாலை எங்கே என்று கேட்டு, சமையலறையிலிருந்து எடுத்துவரச் சொல்லி, தானே படத்துக்குப் போட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி, நெற்றியை என் பக்கம் நீட்டினார்.

இந்த முறை முதலில் மகளிடம் கேட்டுக்கொண்டேன், அப்பா எப்படி இருக்கிறார் என்று. ஊரில் சௌக்கியமாகச் சீட்டாடிக்கொண்டிருக்கிறாராம். தாராளமாக, பெரிய பொட்டாகவே வைத்துவிட்டேன்.