தறிச் சத்தத்தில் படித்த இங்கிலீஷ்

"ஸ்யூர்லி!"

போன வாரம் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு போனில் ஏழு கேள்விக்குப் பதில் சொன்னேன். பேசியவர் பெங்களூர் மேடம் ஒருவர். தங்கும் விடுதிகளுக்குத் துண்டு வாங்கிக் கொடுக்கிறவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது — இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான்.

சரக்கு நேரத்துக்கு வருமா என்று கேட்டார். ஸ்யூர்லி. அளவு சரியாக இருக்குமா? ஸ்யூர்லி. சாயம் போகுமா? அதற்கும்... ஸ்யூர்லி!

 மேடம், புதன்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

 குமாரபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டி நாலு விசைத்தறி. இரண்டை நான் ஓட்டுகிறேன், இரண்டைக் கூலிக்கு வரும் சரசு ஓட்டுகிறாள். இந்த ஆர்டர் வராவிட்டால் அடுத்த வாரமே அவளுடைய தறிகள் நிற்கும். அவள் வேறு பட்டறை தேட வேண்டும். பன்னிரண்டு வருஷமாகக் கூடவே நிற்கிறவள். நான் வாய் தவறியதில் அவள் பிழைப்புப் போய்விடுமா?

சரசு பிளஸ் டூ வரை படித்தவள். நடந்ததைச் சொன்னதும் பயப்படுவாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள்!

"ஏனுங்க்கா, நூல் வாங்கப் போனா ஒரே கலரையா அள்ளிட்டு வாரீங்க? சொல்லு மட்டும் ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தா எப்படீங்க?"

மறுநாள் அவள் வீட்டிலிருந்து பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வந்தது. அதில், ஒரு வேலையை எப்படிச் செய்தோம் என்று சொல்வதற்கான சொற்கள் — நம் 'வேகமாக', 'கவனமாக', 'நிச்சயமாக' மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதே பொருள் தரும் வேறு சொற்கள். அடேயப்பா! 'குயிக்லி'க்கு ஸ்விஃப்ட்லி, ரேபிட்லி, ப்ராம்ப்ட்லி. 'கேர்ஃபுல்லி'க்கு காஷியஸ்லி, அட்டென்டிவ்லி. என் 'ஸ்யூர்லி'க்கே செர்ட்டன்லி, டெஃபனிட்லி, அப்சல்யூட்லி என்று மூன்று கூடப்பிறப்புகள்! இத்தனை வருஷம் எங்கே போயிருந்தார்கள் இவர்கள்?

நாலு நாள்தான் இருந்தது. தறியை நிறுத்திவிட்டுப் படிக்க முடியுமா? ஓட்டிக்கொண்டே படித்தோம்.

தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் கத்துவதே இல்லை. உதட்டை மட்டும் அசைப்போம். எதிரில் நிற்கிறவர் பார்த்தே புரிந்துகொள்வார். நூல் தீர்ந்தது, டீ வந்தது என்பதிலிருந்து மாமியார் சண்டை வரைக்கும் எல்லாம் உதட்டிலேயே முடிந்துவிடும்.

இங்கிலீஷும் அப்படித்தான் ஓடியது. அந்தக் கோடியிலிருந்து சரசு 'ஸ்லோலி' என்று உதட்டை அசைப்பாள். இந்தக் கோடியிலிருந்து நான் — 'கிராஜுவலி!' சரியாக வந்துவிட்டால் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவேன். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு குஷி! அந்தக் குஷியில் ஒரு தடவை என் தறியில் இழை அறுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சரசு உதட்டாலேயே திட்டினாள். அது தமிழில்.

புதன்கிழமை மேடம் வந்தார். அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் இல்லை. பட்டறையே ஊமையாகிக் கிடந்தது. முன்னறையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தவர், துணியில் குறை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

எப்பேர்ப்பட்ட கேள்வி! நான் படித்த பக்கத்திலிருந்தே! 'வெரி கேர்ஃபுல்லி மேடம், அட்டென்டிவ்லி' என்று பதில் சொன்னேன்.

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். நானும் மறுபடி சொன்னேன். அவர் முகம் மாறியது. தண்ணீர் வேண்டுமா என்று ஜாடையில் கேட்டார்.

சரசு என் விலாவில் இடித்தாள். "அக்கா, சத்தமாச் சொல்லுங்! உதடு மட்டுந்தானுங் ஆடுது!"

அப்போதுதான் உறைத்தது. நாலு நாளில் அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் காதே அவற்றைக் கேட்டதில்லை!

பதறிப்போய் மூச்சை இழுத்தேன். "கேர்ஃபுல்லி! காஷியஸ்லி! அட்டென்டிவ்லி!"

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மேடம் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

போச்சு... எல்லாம் போச்சு என்று நினைத்தபோது கரண்ட் வந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மேடத்தைப் பட்டறைக்குள் கூட்டிப்போனேன். சரசு தறிகளை ஓட விட்டாள். மேடம் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. என் கண் சரசுவின் முதுகுப் பக்கத்துத் தறிக்குப் போனது. அங்கே ஓர் இழை அறுந்து தொங்கியது. சரசுவைப் பார்த்து உதட்டை அசைத்தேன்: 'பின்னால இழை.' சட்டென்று திரும்பித் தறியை நிறுத்தினாள். முடிச்சுப் போட்டாள். மறுபடி ஓட விட்டாள்.

மேடம் அவளைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். குறையை எப்படிக் கண்டுபிடிப்போம் என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் எந்தப் புத்தகத்தில் தேடுவேன்?

பிறகு அவர் ஒன்று செய்தார். என் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் மெல்ல அசைத்தார் — 'டெலிவரி... ப்ராம்ப்ட்லி?'

என் சொல்! நான் படித்த சொல், பெங்களூர்க்காரர் உதட்டில்!

'டெஃபனிட்லி' என்று அசைத்தேன். சிரித்துவிட்டார்.

முதலில் ஒரு பாவுக்கு, அதாவது தறியில் ஒரு தடவை ஏற்றுகிற நூல் அளவுக்குத்தான் ஆர்டர். பிடித்திருந்தால் மாதாமாதம். போதாதா? சரசுவின் தறி இந்த மாதம் நிற்காது. (அடுத்த மாதத்துக்கு இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.)

நம்மில் பலர் இங்கிலீஷை இப்படித்தான் வைத்திருக்கிறோம், இல்லையா? பேங்கில், ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்... சொல் உதடு வரைக்கும் வந்து நிற்கும். சத்தம் மட்டும் வராது. நமக்குப் படிப்பில்லை, அதனால்தான் என்று முப்பது வருஷமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேனா?

நாளைக் காலையில் புதுச் சொல் ஒன்றை உரக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் — அவருக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்கள்!