கரையில் வில்லோடு நின்ற நசரேத்து

என் தம்பி நசரேத்தை நல்லவன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிப் பொய். கோபக்காரன். எங்கள் எரூப் தீவில் அவனைப்போல மூச்சடக்கிச் சிங்கி இறால் குத்த ஆளில்லை என்பதும் உண்மை.

ஒளி வந்த நாள் என்று நாங்கள் சொல்லும் ஜூலை முதல் தேதியில், முதன்முதல் கிறிஸ்தவ வேதம் கொண்டுவந்த படகு கரை சேர்ந்ததை நடித்துக் காட்டுவோம். வில்லேந்தி எதிர்த்து நிற்பவன் எங்கள் குடும்பத்து ஆண். அவன் வில்லைத் தாழ்த்தாமல் படகுக்காரர் யாரும் மணலில் கால் வைக்கக் கூடாது. இருபது வருஷமாக அது நசரேத்துதான்.

அவன் மகன் சைலா, தாய்மாமன் எலிமோவோடு இறாலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, அதனால் துக்கத்தை முடித்துவைக்கிற கல்லறைக் கல் திறப்பு விருந்தும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், நசரேத்து மச்சானோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் வருஷம், வேதத்தை ஏந்தி வருகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எலிமோதான் வர வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் நான் ஒற்றைக்காலில் நின்றேன். சரிதான் செய்தேன் என்று இன்றும் சொல்வேன். நசரேத்து என் வாசலுக்கு வந்தான்.

"அவன் படகுல ஏறுனவங்க எல்லாரும் கரைக்கு வர்றதில்லக்கா. தெரியும்ல?"

"தெரியும். நீ வில்லை எடுத்துட்டு வா."

வந்தான். எலிமோ இடுப்பளவு நீரில் இறங்கி, வேதத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி நடந்தான். வழக்கமாகப் பத்து எண்ணுவதற்குள் வில் தாழும். தாழவில்லை. மேளக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

"கடைசியா அவன் என்ன சொன்னான்?" என்று நசரேத்து கேட்டான். இரண்டு வருஷத்தில் அவன் எலிமோவிடம் பேசிய முதல் பேச்சு அது.

எலிமோ நின்ற இடத்திலேயே நின்றான். "'போதும் மாமா, குளிருது, வீட்டுக்குப் போலாம்'னான். நான்தான் இன்னும் ஒரே ஒரு தடவை இறங்குடான்னேன்."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. போலீசிடமும் இல்லை, பிள்ளையைப் பெற்ற தன் அக்காவிடமும் இல்லை. அவள் என் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள். ஒவ்வோர் அலையும் புத்தகத்தின்மேல் தெறித்தது.

அப்படியே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வில் தாழ்ந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்கிறவன் இல்லை.

"புத்தகம் நனையுது," என்றான். "ஏறி வா."

எலிமோவுக்குக் கால் வரவில்லை. நசரேத்து தண்ணீரில் இறங்கிப்போய் வேதத்தை வாங்கிவந்து என் கையில் கொடுத்தான். பிறகு திரும்பிப்போய், எலிமோவின் அக்குளில் கை கொடுத்து மணலுக்கு ஏற்றினான்.