ஒன்பதரை மணி நேரம்

கீழப்பழுவூர் சாமிதுரையிடம் இப்போது அரியலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட, "வேற யாரையாவது கேளுங்க" என்று நகர்ந்துவிடுகிறார். போன ஆவணிக்கு முன்னால் அப்படி இல்லை. டீக்கடையில் யாரும் கேட்காமலே, "லண்டனுக்கும் சிட்னிக்கும் பதினேழாயிரம் கிலோமீட்டரு. பிளேன்ல போனாலும் ஒரு நாள் ஆயிடும்" என்பார். இரண்டு வருஷம் கோலாலம்பூரில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. வெளிநாட்டுப் பயணம் என்றால் ஊரே அவரிடம்தான் வரும்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அடுத்த வீட்டு அரியமுத்து இறந்துபோனார். ஒரே மகன் பூவரசன் டொரண்டோவில் இருந்தான். கிடைத்த பிளேனில் ஏறும்போது, டிக்கெட்டைப் படம் எடுத்துத் தங்கை வளர்மதிக்கு அனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு அவன் போன் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாவு வீட்டுப் பந்தலில் அந்தப் படம் கைமாறிக் கைமாறிச் சாமிதுரையிடம் வந்தது. புதன் காலை பதினோரு மணிக்குத் திருச்சி என்று போட்டிருந்தது.

சாமிதுரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. இது அந்த ஊரு மணிக்கணக்கு. நமக்கும் அவங்களுக்கும் ஒம்பதரை மணி நேரம் வித்தியாசம். கூட்டிக்கிட்டா ராத்திரி எட்டரை. வூட்டுக்கு வர பத்தாயிடும்."

"பெரியப்பா, எறங்குற நேரத்த எறங்குற ஊரு மணியிலதானே போடுவாங்க?" என்றாள் வளர்மதி. 

"நீ பிளேன்ல போயிருக்கியா புள்ள?"

பந்தலில் இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள்.  அவள் சொன்னதுதான் சரியோ என்று சாமிதுரைக்கு அப்போதே ஓர் உறுத்தல். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திச் சொன்னதை அத்தனை பேர் முன்னால் மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு வார்த்தை பின்வாங்கியிருந்தால் போதும், மனுஷன் செய்யவில்லை.

இருட்டிய பிறகு எடுக்க முடியாது, வியாழக்கிழமை வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கவும் முடியாது என்று அரியமுத்துவின் தம்பி அரங்கநாதன் முடிவு சொன்னார். அரியமுத்துவின் மனைவி கொளஞ்சியம்மாள் மட்டும், "எம்புள்ள கொள்ளி வைக்கணும்ங்க, அவன் வர்ற வரைக்கும் இருங்க" என்று கும்பிட்டாள். கும்பிட்டது சாமிதுரையைப் பார்த்து.

"அவன் வந்து சேர முடியாதும்மா" என்றார் அவர்.

புதன் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். அரங்கநாதன் கொள்ளி வைத்தார்.

ஒரு மணிக்குக் கார் வந்து நின்றது. தெருவெல்லாம் சாமந்தி இதழ். வீடு கழுவிவிட்ட ஈரம் வாசலில் இன்னும் காயவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தார்கள். பூவரசன் அவர்களைப் பார்த்தான், காலி ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தான்.

"எப்ப எடுத்தீங்க?"

 வளர்மதி சாமிதுரையைப் பார்த்தாள்.  விவரம் தெரியாத பூவரசன் நேரே வந்து அவர் கையைத்தான் பிடித்தான்.

"நீங்க கூடவேதானே இருந்தீங்க பெரியப்பா. எத்தன மணிக்கு?"

"மணி பாக்கலப்பா" என்றார் சாமிதுரை.

வளர்மதி அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.