கஃப்டீரியா போட்ட கொள்ளைக்காரர்கள்

படம் முடிவதற்குள் டிவியை அணைப்பவர்களை நான் இன்றுவரை மன்னித்ததில்லை. அந்தக் கோபத்தை முதலில் மூட்டிவிட்டவர் என் மாமா, உம்மாவின் தம்பி.

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் அவர் ஃபோர்மேன். ஊரிலிருந்து மூன்று இளைஞர்களைத் தன் பொறுப்பில் வரவழைத்து அங்கேயே வேலைக்குச் சேர்த்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நால்வரும் முவைலாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிடுவார்கள். உம்மா நெய்ச்சோறும் கறியும் ஆக்கி, ஊர் வழக்கப்படி ஒரே பெரிய தட்டில் நடுவில் வைப்பார். அவர்களோடு நானும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவேன். பிறகு மாமா சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுப்பார். எல்லாம் தமிழ் பேசும் கௌபாய் படங்கள்.

அன்றைய படத்தில் ஒரு கொள்ளைக்காரன், அவனை நம்பி வந்த நான்கு பையன்கள். மலை இடுக்கில் ஷெரீஃபின் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். தலைவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். அந்த நேரம் பார்த்து மாமா போய் டிவியை அணைத்தார்.

"கலாஸ். படம் அவ்வளவுதான்."

"மீதி?" என்று கத்தினேன்.

"மீதி என்ன, எல்லாருமாச் சேந்து வேற ஊருக்குப் போயி ஒரு கஃப்டீரியா போட்டுட்டாங்க. நல்லா இருக்காங்க."

எனக்கு ஒன்பது வயது. ரயிலை மறித்துக் கொள்ளையடித்தவன் கடை போட்டுக் கரக் டீ விற்றானாம்! என்னை எவ்வளவு இளக்காரமாக நினைத்திருந்தால் இப்படிச் சொல்வார்? மீசை முளைத்த அந்த மூன்று பேராவது எனக்காகப் பேசியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டார்கள்.

எனக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. சில வாரங்களுக்கு முன் கராஜ் முதலாளி தன் காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, "ஜல்தி, ஜல்தி" என்று சாவியை மூவரில் இளையவனிடம் எறிந்திருக்கிறார். அவனுக்கு லைசென்ஸ் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கார் வாட்ச்மேன்மீது மோதி அவர் கால் முறிந்துவிட்டது. போலீஸ் வந்தபோது மாமா முந்திக்கொண்டு, "ஓட்டியது நான்தான்" என்று சொல்லிவிட்டார். லைசென்ஸ் உள்ளவன் மாட்டினால் அபராதத்தோடு போகும், பையன் மாட்டினால் ஜெயில், அப்புறம் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். ஆனால் வழக்கு கோர்ட்டுக்குப் போய், மாமாவே உள்ளே போகும் நிலை வந்துவிட்டது. சாவியை எறிந்த மனிதர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று எனக்கு எரிந்தது படத்துக்காக. மாமா மறந்துபோன பென் டிரைவ் டிவியிலேயே இருந்தது. மறுநாள் உம்மா கடைக்குப் போன நேரத்தில் மீதியைப் பார்த்து முடித்தேன். எவ்வளவு அருமையான முடிவு! அதையா மறைத்தார்? ஒரு வாரம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும் வெடித்தேன்.

"மாமா சீட்டிங்! நான் ஃபுல்லா பாத்துட்டேன். அந்தத் தலைவன் கையத் தூக்கிட்டுப் போயி சரண்டர் ஆயிட்டான். அவனைப் பிடிச்சுட்டுப் போறாங்க, பசங்க குதிரையில ஏறித் தப்பிச்சு ஓடிட்டாங்க. கஃப்டீரியாவும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

சோற்றில் இருந்த கைகள் அப்படியே நின்றன.

"சாப்பிடுங்கப்பா, ஆறிடப் போவுது" என்றார் மாமா. அவர் கை மட்டும்தான் அசைந்தது.

"வாய மூடு புள்ள!" என்று உம்மா என் முதுகில் ஒன்று வைத்து, கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். இது என்ன நியாயம்? பொய் சொன்னவருக்குக் கறி, உண்மையைச் சொன்ன எனக்கு அடி! வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

கொஞ்ச நேரத்தில் அந்த இளையவன் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அந்தப் பசங்கள்ல ஒருத்தனாச்சும் திரும்பிப் பாத்தானா, தங்கச்சி?"

"ஒருத்தன்கூடப் பாக்கல. எல்லாரும் மோசம்."

தலையை ஆட்டினான். செருப்பை மாட்டிக்கொண்டு, மற்ற இருவருக்கும் காத்திராமல் படியிறங்கிப் போனான். அவன் நேராகப் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு என்பதையும், "காரை ஓட்டியது நான்தான்" என்று எழுதிக் கொடுத்ததையும், ஜெயிலிலிருந்தே அவனை ஊருக்கு ஏற்றிவிட்டதையும் பல வருடம் கழித்துத்தான் மாமா என்னிடம் சொன்னார்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வீட்டில் படத்தைப் பற்றி ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்தான் என்பது. அதனால் கோபம் கொஞ்சம் தணிந்தது. அவன் திரும்பி வந்ததும் படத்தை முதலிலிருந்து போட்டுக் காட்டலாம் என்று, இருட்டும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.