கும்பத்தடியில் ஒரு கல்குலேட்டர்

வரைபடக் கல்குலேட்டரில் பட்டியல் போடச் சொல்லிக் கொடுக்கும் தொழிலில் பிழை எப்போதும் மெஷினுடையது, அலுப்பு மட்டும் நம்முடையது. இதில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெயிலும் சூப்பும்

சுவிஸில், லாங்கன்தாலில் என் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. என்னைவிட மூத்தவரான வசந்தி அக்கா, பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறார். தாதிப் படிப்பில் சேரக் கணக்குப் பரீட்சை எழுதி ஒருமுறை தவறிவிட்டார். இந்த முறையும் தவறினால் இனி எழுத விடமாட்டார்கள்.

பாடப்புத்தகக் கணக்கு ஒன்று. முதல் பட்டியலில் அன்றன்றைய வெப்பநிலை, அடுத்ததில் அன்று விற்ற சூப். அக்கா வெப்பநிலையை மட்டும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டார். சூப் இருந்த இடத்திலேயே இருந்தது. சோடியெல்லாம் குழம்பி, கொளுத்தும் வெயிலில் சூப் அமோகமாக விற்றது. நான் தலையில் கைவைத்தேன்.

"மெஷின் சொல்லுது ரீச்சர், நானென்ன செய்ய?"

விற்காத நாள்

அடுத்த கிழமை ட்ராமுக்குள் இருந்து போன் எடுத்தார். இரண்டு பட்டியலும் ஒரே நீளமில்லை என்று திரை அடம்பிடிக்கிறதாம். எண்ணிப் பார்க்கச் சொன்னேன். சூப்பில் ஒன்று குறைந்தது. சூப்பே போகாத நாளுக்கு அக்கா பூச்சியம் போடவில்லை. ஏன் என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்டும் விக்காத நாளை ஏன் ரீச்சர் எழுதுவான்?"

பட்டுத்துணிக்குள்

பரீட்சைக்கு முதல்நாள் வெறுங்கையோடு வந்தார். சரஸ்வதி பூசைக்கென்று அவருடைய கணவர் கல்குலேட்டரைப் புத்தகங்களோடு கும்பத்தடியில் வைத்து, பட்டுத்துணியும் போர்த்திவிட்டாராம். விஜயதசமி வரை தொடக்கூடாது. பரீட்சையோ அதற்கு முதல்நாள். "பரீட்சை எழுதப் போறது நீங்களோ, சரஸ்வதியோ?" என்று கத்திவிட்டேன். அக்கா தலைகுனிந்து தன் கைகளைப் பார்த்தார். தட்டுக் கழுவிக் கழுவி வெடித்த கைகள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன்.

"கும்பத்தடியிலை இருந்து எடுத்தா அந்தாள் மனம் நொந்துபோகும் ரீச்சர்."

பாஸ்

முடிவு வந்த அன்று என் வாசலில் நின்று அழுதார். நானும் அழுதேன். இரண்டு பட்டியலையும் சேர்த்தே அடுக்கினாராம், பூச்சியத்தையும் விடவில்லையாம். கல்குலேட்டரைத் திருப்பித் தந்தார், கூடவே ஒரு டப்பா அவலும்.

"என்ரை கல்குலேட்டர் சரஸ்வதிக்கு முன்னாலை இருந்தபடியால்தான் பாஸ் ரீச்சர்!"

பட்டுக்குள் தூங்கிய கல்குலேட்டருக்குப் புகழ், பரீட்சை எழுதிய கல்குலேட்டரின் சொந்தக்காரிக்கு அவல், இவ்வளவுதான் நம் தொழில்.